நாற்பத்தொன்றாம் கிணறு

நாற்பத்தொன்றாம் கிணற்று வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. பதினோரு வருடமாக அது கைக்குழந்தையாகவே இருந்தது. குப்புற விழவில்லை, தவழவில்லை, பல் முளைக்கவில்லை. யாரும் கணக்குப் போட்டுப் பார்த்துப் பதறவும் இல்லை. மாதாமாதம் அந்தப் படிவத்தைப் பார்க்கிற பரிசோதனைக்கூடத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முழுசாகத் தெரிந்தவள் ஒரே ஒருத்தி. அவள்தான் அந்தக் குழந்தையைப் பேனாவால் பெற்றவள்.

சுற்றுவட்டாரப் பண்ணைகளில் அவளைப் பாட்டிலக்கா என்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள் வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு ஒரு தினுசாகச் சிரிப்பார்கள். அவள் அதற்கெல்லாம் அசர மாட்டாள். "நான் கொண்டு வர்ற பாட்டில்ல போதை கிடையாது, உங்க கிணத்து லட்சணம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடச் சொல்வாள்.

அவள் வேலை இதுதான். அந்தப் பக்கத்து விவசாயிகளுக்காக நீர்காப்புத் திட்டம் என்று ஒன்று இருந்தது. ஓடைக்கரையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு உழாமல் புல் வளர விட்டால் உதவித்தொகை. மாடுகள் ஓடையில் இறங்காமல் வேலி போடச் சம்மதித்தால் கம்பி. அறுவடை முடிந்து மண்ணை மொட்டையாக விடாமல் மூடுபயிர் போட்டால் விதை. உரத்தை அள்ளிக் கொட்டாமல் அளந்து போடச் சொல்லித்தர ஓர் ஆள். இத்தனையும் செய்தபிறகு தண்ணீர் தெளிந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டுமல்லவா? அதற்குத்தான் பாட்டிலக்கா. மாதம் ஒரு தடவை வேனை எடுத்துக்கொண்டு நாற்பது பண்ணைக் கிணறுகளைச் சுற்றி வருவாள். உரமும் எருவும் மண்ணுக்குள் இறங்கி நைட்ரேட்டாகக் கிணற்றில் வந்து சேரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆகாது.

பண்ணைக்காரர்களை அவள் கிணற்று எண்ணை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தாள். மூக்கு நீண்ட உருளைக்கிழங்குக்காரர் ஏழாம் நம்பர். பால்பண்ணைத் தம்பதி இருபத்திரண்டு. ஏழாம் நம்பர் மாதம் தவறாமல் சண்டைக்கு வருவார்.

"ஆறு வருஷமா புல்லு விட்டிருக்கேன். உரத்தைப் பாதியாக் கொறச்சாச்சு. உன் பாட்டில் மட்டும் எறங்க மாட்டேங்குதே."

"நீங்க இன்னைக்கு இறைக்கிறது இன்னைக்குப் பெய்ஞ்ச மழை இல்லண்ணே. உங்க அப்பா காலத்து மழை. அவர் கொட்டுன மூட்டையெல்லாம் இப்பதான் நடந்து வந்து சேருது."

"செத்தும் விட மாட்டேங்கிறாரா மனுஷன்" என்பார் அவர். பாட்டிலக்கா சிரிப்பாள். பூமிக்கடியில் அந்தத் தண்ணீர் இருட்டில் வருடக்கணக்காக மெல்ல வந்துகொண்டிருப்பதை நினைத்தால் அவளுக்கு முதுகு சிலிர்க்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒவ்வொரு கிணற்றிலும் ஒரே முறை. தண்ணீர் மணிக்கட்டில் சில்லென்று படும் வரை ஓட விடுவாள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுவாள். வாய்வரை நிரப்பி, மூடி, எண் ஒட்டிப் பனிப்பெட்டியில் வைப்பாள். பிறகு அளக்கும் கருவியின் முனையை, பரிசோதனைக்கூடம் கொடுத்த வடித்த தண்ணீரில் கழுவுவாள். அதில் ஒன்றுமே இருக்காது, நைட்ரேட் சுத்தமாகப் பூஜ்யம். பத்து லிட்டர் கேனில் அது அவளோடு வேனில் சுற்றும். சுற்று முடிவில் அதே கேனிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பி, மற்றவற்றோடு அனுப்புவாள். அதற்குப் பெயர் வெற்றுப் பாட்டில். அது பூஜ்யம் என்று வந்தால், வழியில் எங்கும் அழுக்குச் சேரவில்லை, மற்ற நாற்பதையும் நம்பலாம் என்று அர்த்தம். பூஜ்யம் வராவிட்டால் நாற்பதும் குப்பை.

எது வெற்றுப் பாட்டில் என்று பரிசோதனைக்கூடத்துக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர்கள் பார்க்காமலே பூஜ்யம் போட்டுவிடுவார்கள், மனிதர்கள்தானே. ஆகவே அதற்கும் ஒரு கிணற்று எண் வேண்டும், படிவம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பாட்டிலக்கா ஒரு பண்ணைக்காரரை உருவாக்கினாள். எண் நாற்பத்தொன்று. கிணற்றின் ஆழம் அறுபது அடி. மாடு இரண்டு. வரைபடத்தில் இடம், ஓடை மடங்கித் திரும்பும் முடுக்கு. அங்கே நாணலைத் தவிர ஒன்றும் கிடையாது. படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி: வீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை உண்டா? உண்டு என்றால் அந்தப் பாட்டிலைப் பரிசோதனைக்கூடம் முதலில் எடுக்கும். வெற்றுப் பாட்டிலின் முடிவு சீக்கிரம் தெரிந்தால் நல்லது என்று அவள் "உண்டு" என்ற கட்டத்தில் குறி போட்டாள். மாதாமாதம் போட்டாள். அந்தக் குழந்தை அப்படித்தான் பிறந்தது, அப்படித்தான் வளராமலும் இருந்தது.

இதுவரை தப்பொன்றும் இல்லை. விஷயம் தெரிந்த பழைய அதிகாரி ஓய்வு பெற்றுப் போனார். புது அதிகாரி வந்தார். துடிப்பான பையன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பேசுவார். முதல் விவசாயிகள் கூட்டத்திலேயே சுவரில் படம் போட்டுக் காட்டினார். "நாற்பத்தொண்ணாம் நம்பரைப் பாருங்க. பதினோரு வருஷமா பூஜ்யம். அவரால முடியுது, உங்களால ஏன் முடியல?"

நாற்பது பண்ணைக்காரர்கள் நடுவில் எழுந்து, "சார், அவர் இல்லாத ஆளு" என்று எப்படிச் சொல்வது? சின்னப் பையன் முகம் சுண்டிப்போகும். தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். தனியாகச் சொல்லப் போனபோது அவர் வேறு அவசரத்தில் இருந்தார். அடுத்த வாரம் என்று தள்ளினாள். தள்ளிப்போட்டதெல்லாம் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாதா!

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஏழாம் நம்பர் சொன்னார், "நாப்பத்தொண்ணா? தெரியுமே. அமைதியான ஆளு. ஓடைத் திருப்பத்துல நின்னுட்டிருப்பான். நாம கை காட்டினா திருப்பிக் காட்ட மாட்டான்."

பாட்டிலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரனைத் தெரியாது என்று சொல்வது எந்த விவசாயிக்கும் கௌரவக் குறைச்சல். ஆனால் அடுத்த மாதம் இருபத்திரண்டாம் நம்பர் வீட்டு அம்மா பால் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "அந்த வீட்ல பச்சைக் குழந்தை இருக்கு போலிருக்கே. கொடியில துணி காயறதப் பாத்தேன். ஆனா ஒண்ணு, அந்தக் குழந்தை அழுது நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

பாட்டிலக்கா குழந்தையைப் பற்றி எந்தப் பண்ணையிலும் வாய் திறந்ததில்லை. அந்தப் புது அதிகாரிதான் எங்காவது உளறியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் பாட்டிலை மூன்று முறைக்குப் பதில் நான்கு முறை அலசினாள்.

அவள் வீட்டிலும் அப்போது ஒரு குழந்தை வந்திருந்தது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி குடும்பத்தோடு ஊர் ஓரத்தில், ஒன்பது வீடுகள் கொண்ட ஒரு தெருவில் இருந்தாள். தம்பி மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கிறவன். எட்டு வருடம் காத்திருந்து பிறந்த பெண் குழந்தை. பாட்டிலக்கா தன் அறையைத் தாய்க்கும் பிள்ளைக்கும் விட்டுக்கொடுத்து, தன் பாட்டில், பெட்டி, கேன் எல்லாவற்றையும் சமையலறை அலமாரிக்கடியில் தள்ளினாள். தானும் ஹாலில் படுத்தாள். தாய்ப்பால் போதவில்லை. முதல் மாதத்திலிருந்தே புட்டிப்பால்தான். தம்பி மனைவி சுத்தம் என்றால் சுத்தம், அவ்வளவு சுத்தம். ஃபில்டர் தண்ணீரைப் பிடித்து இருபது நிமிடம் கொதிக்க வைத்து, ஆற வைத்து, அதில்தான் பால் கலப்பாள்.

குழந்தை அழவே அழாது. வந்தவர்கள் எல்லாரும் சமத்து என்றார்கள். விரலை நீட்டினால் பிடிக்கும், உடனே விட்டுவிடும். ஒரு நாள் குளிப்பாட்டும்போது அதன் நகங்கள் சாம்பல் நிறமாக இருப்பதைப் பாட்டிலக்கா பார்த்தாள்.

"ஏம்மா, குளிருதோ என்னவோ, நகத்தப் பாரு."

"ஜன்னல் வெளிச்சம் அண்ணி. நானும் மொதல்ல பயந்துட்டேன்."

வெளிச்சம்தான் என்று இருவரும் முடிவு செய்தார்கள். வேண்டியதை நம்புவதற்கு மனிதர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் போதும்.

அந்த மாதம்தான் நாற்பத்தொன்றாம் கிணறு முதன்முறையாகப் பூஜ்யம் இல்லாமல் வந்தது. இருபது.

பாட்டிலக்கா அந்தத் தாளைப் பார்த்தபடி வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வெறும் தண்ணீர், வானத்திலிருந்துகூட வராத தண்ணீர். அதற்குள் எருவும் உரமும் எங்கிருந்து வந்தது? பாட்டில்களைப் புதிதாக வாங்கினாள். பனிப்பெட்டியைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தாள். அடுத்த மாதம் முப்பத்தாறு. கையுறையை மாற்றினாள், வேனின் தரையைக் கழுவினாள், மூடிகளை வெந்நீரில் போட்டாள். அதற்கடுத்த மாதம் நாற்பத்தேழு.

வெளியே சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று மாதத்து நாற்பது கிணற்று முடிவுகளும் செல்லாது. அந்த வருடம்தான் திட்டத்தைத் தொடர்வதா கைவிடுவதா என்று மேலே முடிவெடுக்கிறார்கள். ஏழாம் நம்பரின் கிணறு ஆறு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் முதன்முறையாக எண்பதிலிருந்து எழுபத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. அதைச் சொன்னபோது அந்த மனுஷன் போய் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார். அவரிடம் போய் அது குப்பை என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அதிகாரிக்குப் போகும் தாளில் நாற்பத்தொன்றுக்கு எதிரே "திரும்பப் பரிசோதிக்கப்படும்" என்று எழுதினாள்.

வேனில் தனியாகப் போகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. பக்கத்து இருக்கையில் இருந்த வெற்றுப் பாட்டிலிடம் கேட்க ஆரம்பித்தாள், "ஏங்க, நல்லாத்தானே இருந்தீங்க? உங்க கிணத்துல என்னத்தக் கொட்டுனீங்க?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல் சும்மா இருப்பாள். அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டு ரேடியோவைப் போடுவாள்.

வீட்டில் குழந்தையின் உதடு ஓரத்தில் நீலம் படர்ந்தது. இப்போது எந்த ஜன்னலுக்குக் கொண்டுபோனாலும் அது நீலமாகவே இருந்தது. தெருமுனை டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயத்தில் ஓட்டை இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுக்க வேண்டும் என்றார். அடுத்த வாரத்துக்கு நாள் கொடுத்தார்கள். தம்பி தினமும் காலையில் எழுந்து ஃபில்டரைத் திறந்து, சமையலறையில் இருக்கிற குடம், கேன், ஜாடி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவான். வீட்டில் அவன் செய்கிற ஒரே வேலை அதுதான். குழந்தை பிறந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

நான்காவது மாதம் சுற்று முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முற்பகலில் திட்டத்தின் தண்ணீர் லாரிக்காரர் போன் பண்ணினார்.

"அக்கா, நாப்பத்தொண்ணு வீட்டுக்குக் குழந்தைத் தண்ணி குடுக்கச் சொல்லி சீட்டு வந்துச்சு. போயிட்டு வந்தேன். ஆள் இல்ல. போர்டுக்குக் கீழ வெச்சிட்டு வந்துட்டேன்."

"எந்த போர்டு?"

"அவர் வீட்டு போர்டுதான்" என்றார் லாரிக்காரர். வைத்துவிட்டார்.

ஒரு கிணறு ஐம்பதைத் தாண்டி, அந்த வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால், யாரும் கேட்காமலே அன்றைக்கே நல்ல தண்ணீர்க் கேன் போகும். திட்டத்தின் ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. பாட்டிலக்கா வேனைத் திருப்பினாள். ஓடைத் திருப்பத்துக்கு அவள் பதினோரு வருடத்தில் போனதே இல்லை. போக ஒரு காரணமும் இருந்ததில்லை.

வண்டிப்பாதை முடிந்த இடத்தில் இறங்கி நடந்தாள். உச்சி வெயில். காற்று அசையவில்லை, ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. நாணலை யாரோ சுத்தமாக அறுத்திருந்தார்கள். ஓடைக்கரையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருந்தது. அதற்குள் புல் பசேலென்று நின்றது. நடுவில் புத்தம் புதுப் பலகை. "இந்தப் பண்ணை நீரைக் காக்கிறது. எண் 41." புது அதிகாரி சிறந்த பண்ணைக்குப் பலகை வைக்க ஆள் அனுப்பியிருக்கிறார். அனுப்பப்பட்டவர்கள் வரைபடத்தைப் பார்த்து, குறி இருந்த இடத்தில் பலகையை நட்டு, விதைகூடத் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். இது அவளுக்குப் புரிந்தது. ஒரு வீடு மட்டும்தான் அங்கே பாக்கி.

பலகையின் கீழே, வெயிலில், மூடி திறக்காத இருபது லிட்டர் கேன். அதன்மேல் ஒரு சீட்டு. "கைக்குழந்தைக்கு மட்டும்."

போன் அடித்தது. பரிசோதனைக்கூடத்தில் இருக்கிற பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள்.

"அக்கா, நாற்பத்தொண்ணு ஐம்பத்தாறு வந்திருக்கு. அந்த வீட்ல குழந்தை இருக்குன்னு போட்டிருக்கீங்க. சொல்லிட்டீங்களா அவங்ககிட்ட?"

"இல்லம்மா. அது வந்து..."

"உடனே சொல்லுங்கக்கா. ஃபில்டர் போட்டாலும் போகாதுன்னு சொல்லுங்க. அது சேறையும் வாடையையும்தான் பிடிக்கும். கொதிக்க வெச்சா இன்னும் கூடும், தண்ணிதான் ஆவியாப் போகும், இது போகாது. நகத்தைப் பாக்கச் சொல்லுங்க. மொதல்ல நகம், அப்புறம் உதடு. குழந்தை அழாது. சமத்தா இருக்குன்னு நினைச்சுட்டு இருப்பாங்க."

இது பாட்டிலக்காவின் சொந்தப் பேச்சு. நாற்பது வீட்டு வாசலில் நின்று பதினோரு வருடமாக அவள் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை. அதை ஒரு முறைகூட யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? அந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சோ அந்த வீட்ல குழந்தை இருக்குல்ல?"

எங்கிருந்து வந்தது? கேனிலிருந்து. கேன் எங்கே இருந்தது? சமையலறையில். நாலு மாதத்தில் காலியாகி, நாற்பது மைல் வண்டி ஓட்டிப் போய் மாற்றிக்கொண்டு வரவேண்டிய கேன். குழந்தை வந்ததிலிருந்து அவள் போகவே இல்லை. போகத் தேவைப்படவில்லை. அது காலியாகவே இல்லை. அவள் ஓடிப்போய் வேனின் பின்கதவைத் திறந்தாள். காலையில் சமையலறையிலிருந்து ஏற்றிவந்த கேன் கழுத்துவரை நிறைந்து நின்றது.

வீட்டு எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"என்ன பண்ற?"

"பால்தான் அண்ணி. தண்ணி இப்பதான் ஆறுச்சு, கலந்துட்டேன். குடுக்கப் போறேன்."

"குடுக்காத."

"என்ன அண்ணி?"

"புட்டியக் கீழ வை. ஒரு சொட்டு வாயில படக்கூடாது. புள்ளையத் தூக்கிட்டு வாசல்ல வந்து நில்லு, நான் வர்றேன். என்ன ஏதுன்னு கேக்காத, கண்ணு, வந்து நில்லு."

மேடையில் கண்ணாடிப் புட்டியை வைக்கிற சத்தம் கேட்டது.

இல்லாத குழந்தைக்கு வந்த தண்ணீர்க் கேனை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் அவள் புறப்பட்டாள். அந்தப் பதற்றத்திலும் அதை விட்டுவர மனம் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தத்தை எடுத்தார்கள். அது பழுப்பாக, காப்பிக் கறையின் நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வீட்ல என்ன தண்ணி? கிணறா, போரா?"

"போர்" என்றான் தம்பி.

"இருதயமெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லி, ஓர் ஊசி மருந்தை ஏற்றினார். அந்த மருந்து பேனா மையைப் போல அடர்நீலம். நீலம் பாரித்த பிள்ளைக்கு நீலத்தையே ஏற்றுவதைப் பார்க்கமாட்டாமல் தம்பி மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாட்டிலக்கா பார்த்தாள். உதட்டோரத்து நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, உள்ளேயிருந்து சிவப்பு ஏறி வந்தது. குழந்தை கண்ணைத் திறந்தது. வாயைத் திறந்தது. நாலு மாதத்துக் கடனையும் சேர்த்து அடைப்பது போல அப்படி ஒரு அழுகை அழுதது. அந்த வார்டில் அதைக் கேட்டு எரிச்சல்படாதவர்கள் அந்த மூன்று பேர்தான்.

தம்பிக்கு அப்புறம்தான் விஷயம் முழுசாகப் புரிந்தது. "உன் கேன் குறைஞ்சிருந்துச்சுக்கா. நல்ல தண்ணின்னு எழுதியிருந்துச்சு. நம்ம ஃபில்டர் தண்ணியும் நல்ல தண்ணிதானேன்னு ஊத்தி ஊத்தி வெச்சேன்" என்றான். பெரிய ஆம்பளை, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"நீ ஊத்துனதாலதான்டா தெரிஞ்சுது" என்றாள் அவள். அது உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் இருந்தது. முதல் மாதம் இருபது என்று வந்தபோதே அவள் வாயைத் திறந்திருந்தால் யாராவது கேனைப் பார்த்திருப்பார்கள். மூன்று மாதம் அவள் நாற்பது பண்ணைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று மாதமும் வீட்டில் பால் கலந்துகொண்டிருந்தது. இதை அவள் தம்பியிடமும் அவன் மனைவியிடமும் சொல்லி அழுதாள். தம்பி மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

வீட்டுக் குழாய்த் தண்ணீரை முறைப்படி எடுத்து அனுப்பினாள். எண்பத்திரண்டு. அவள் சுற்றிய நாற்பது கிணறுகளில் ஒன்றுகூட அந்த மாதம் அவ்வளவு மோசமில்லை. பண்ணைகளைத்தான் திட்டம் பார்த்தது, ஊர் ஓரத்து வீடுகளை யார் பார்த்தார்கள்? தெருவின் ஒன்பது போர்களும் அப்படித்தான் இருந்தன. பழைய நில வரைபடத்தில் அந்தத் தெரு இருந்த இடம் முழுக்க மாட்டுக்கொட்டகை என்று இருந்தது, முந்நூறு மாடுகள். கொட்டகை போய், மாடுகள் போய், வைத்திருந்தவர்களும் போய் முப்பது வருடமாகிவிட்டது. அவற்றின் சாணியும் மூத்திரமும் மட்டும் அடி அடியாக இறங்கி, இந்தக் குழந்தை பிறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருந்தது.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காதுவரை சிவந்து, நெடுநேரம் தன் சட்டைக் கையையே மடித்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல பையனாக ஒரு வார்த்தை சொன்னார், "அப்போ மத்த நாற்பதும் சரியான முடிவுதான் இல்லையா மேடம்? வெறும் கேன்லதான் கோளாறு." ஆமாம். ஏழாம் நம்பரின் எழுபத்தொன்று உண்மையான எழுபத்தொன்று. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. நியாயம்தான் என்று வாங்கி மடித்து வைத்தாள். ஒன்பது வீட்டுத் தெரு திட்டத்தில் சேர்ந்தது. பலகையைப் பிடுங்கிக்கொண்டுவந்து தெருமுனையில் நட்டார்கள். தெருவுக்கெல்லாம் சேர்த்து அவள் வீட்டுக் குழாயில்தான் மாதிரி எடுப்பது, நாற்பத்தொன்று இனிமேல் அவள் வீட்டு எண். வெற்றுப் பாட்டிலுக்கு நாற்பத்திரண்டு. அந்த வீட்டில் மாடு கிடையாது, குழந்தையும் கிடையாது.

அடுத்த சுற்றில் ஏழாம் நம்பர் மோட்டாரைப் போட்டுக்கொண்டே கேட்டார், "நாப்பத்தொண்ணு காலி பண்ணிட்டுப் போயிட்டான் போலிருக்கே?"

"யார் சொன்னா?"

"நானே பாத்தேன். குழந்தையத் தோள்ல போட்டுட்டு ஓடைப் பக்கமா நடந்து போனான். கை காட்டினேன். இந்தத் தடவை திருப்பிக் காட்டினான்."

பாட்டிலக்கா தண்ணீரில் மணிக்கட்டை வைத்திருந்தாள். தண்ணீர் சில்லென்று ஆகி ரொம்ப நேரமாகிவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, தன் வீட்டுச் சமையலறைக் குழாயில் மாதிரி எடுத்தாள். ஓட விட்டாள், மூன்று முறை அலசினாள், நிரப்பினாள். காலடியில் குழந்தை தவழப் பார்த்து, முடியாமல், கோபத்தில் கத்திக்கொண்டிருந்தது. மேடைமேல் படிவத்தை வைத்து எழுதினாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. போன செவ்வாயோடு ஆறு மாதம் முடிந்திருந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நாற்பத்தொன்றுக்கு "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைப் பெட்டியில் வைத்தாள்.

இரண்டு நாளில் பரிசோதனைக்கூடத்துப் பெண் போன் பண்ணினாள். குரல் சரியாக இல்லை.

"அக்கா, நாற்பத்தொண்ணுல குழந்தை இல்லைன்னு போட்டிருக்கீங்க. பழைய படிவமெல்லாம் எடுத்துப் பாத்தேன், எல்லாத்துலயும் இருக்குன்னுதான் இருக்கு. என்னக்கா ஆச்சு அந்தக் குழந்தைக்கு?"

பாட்டிலக்கா குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனத்தது.

"வளந்துடுச்சும்மா" என்றாள்.